பத்மினியா, 118 என்.இ.யா?

மாட்டுங்காவில் வசிக்கும் பேராசிரியர் ஒருவர் விரைவில் ஓய்வு பெறவிருக்கிறார். பழைய கார் ஒன்று வாங்கித் தாமே ஓட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அது குர்லாவில் செய்யப்பட்ட காராக இருக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறார். பிரீமியர் பத்மினியா, பிரீமியர் 118 என்.இ.யா என்ற கேள்வியை எங்கள் ஆய்வாளர் வட்டத்தில் அவர் முன்வைத்தபோது, ஏறக்குறைய எல்லோரும் யோசிக்காமலே பத்மினி என்றார்கள். அந்த ‘யோசிக்காமலே’ என்பதுதான் என்னை இதை எழுதச் செய்கிறது. சுருக்கமாகச் சொல்ல முடியாத காரணங்களால் என் விடை 118 என்.இ.

காரில் ஆர்வமில்லாத நண்பர்களுக்காகச் சிறு முன்னுரை. பழைய ஸ்போர்ட்ஸ் செடான்களை விரும்புவோரிடையே உலகெங்கும் ஒரே வகையான சண்டை நடந்துகொண்டிருக்கிறது. பிஎம்டபிள்யூ எம்3-இல் 1986-இல் வந்த முதல் தலைமுறை உயர்ந்ததா, 1992-இல் வந்த இரண்டாம் தலைமுறை உயர்ந்ததா என்பது அச்சண்டையின் மிகப் பெயர்பெற்ற வடிவம். முதலாவது தூயது, இரண்டாவது வசதியானது. முதலாவதற்குப் புகழ், இரண்டாவதற்குப் பயன். வாதங்கள் இந்தத் தடத்திலேயே சுழலும். நமக்கு எம்3 எட்டாக்கனி. ஆனால் நம்முடைய ஊரிலேயே, செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவே, இதே கேள்வியைக் கேட்கத் தகுந்த இரண்டு கார்கள் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தன.

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் குர்லா தொழிற்சாலையைத்தான் சொல்கிறேன். இன்று அவ்விடத்தில் கோஹினூர் சிட்டியின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 1950-களில் ஃபியட் 1100 இங்கே உருவாகத் தொடங்கியது. 1964-இல் ‘1100 டிலைட்’ வந்தது. உரிம ஒப்பந்தம் முடிந்தபின் அதே கார் சிறிது காலம் ‘பிரீமியர் பிரெசிடென்ட்’ என்றும், 1974 முதல் ‘பிரீமியர் பத்மினி’ என்றும் பெயர் பெற்றது. ஆக, பத்மினி என்பது புதிய கார் அன்று; பழைய காருக்குச் சூட்டப்பட்ட புதிய பெயர். மும்பைக்காரர்கள் அந்தப் பெயர் மாற்றத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவும் இல்லை. காரின்மேல் ஃபியட் என்ற எழுத்துகள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பேச்சில் அது ‘ஃபியட்’டாகவே இருந்தது. அலுவல்முறைப் பெயரும் வழக்குப் பெயரும் இவ்வாறு பிரிந்து நிற்பதற்கு வகுப்பறையில் நான் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது கார் 1985-இல் வந்தது. இதன் உடல் ஃபியட் 124-இன் உடல்; நேரடியாகச் சொன்னால், ஸ்பெயினில் சியாட் நிறுவனம் 1980 வரை செய்துவந்த சியாட் 124-இன் உடல். எஞ்சினும் கியர்பெட்டியும் ஜப்பானின் நிஸானிடமிருந்து வந்தவை. ‘என்.இ.’ என்பதே நிஸான் எஞ்சின் என்பதன் சுருக்கம்தான். இத்தாலியச் சிந்தனை, ஸ்பெயினின் வார்ப்பு, ஜப்பானின் இதயம், குர்லாவின் கைகள். இவ்வளவு பயணம் செய்த ஒரு பொருளுக்கு ஓர் எண்ணையும் இரண்டு எழுத்துகளையும் பெயராக வைத்தவர்கள்மேல் எனக்குச் சிறிது கோபம் உண்டு. பத்மினி என்ற பெயரில் ஓர் அரசி இருக்கிறாள், ஒரு கதை இருக்கிறது. 118 என்.இ. என்பது அரசாணை எண் போல ஒலிக்கிறது.

‘தலைமுறை’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் சோதிக்க வேண்டும். தலைமுறை என்றால் முன்னது ஒழிந்து பின்னது வருவது என்று கார் உலகம் பொருள் கொள்கிறது. இத்தாலியில் ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது: 1100 வகை 1953 முதல் 1969 வரை, 124 வகை 1966-இல் தொடங்கி 1970-களின் நடுவில் முடிந்தது. குர்லாவிலோ முன்னது ஒழியவே இல்லை. 1985 முதல் 2000-ஐ ஒட்டிய காலம்வரை இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகளாக ஒரே தெருக்களில் ஓடின. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே ஆண்டு வாக்கில் இறந்தார்கள் என்று சொல்லலாம். பழைய வடிவமும் புதிய வடிவமும் பதினைந்து ஆண்டுகள் அருகருகே வழங்கியிருக்கும்போது, பழையதே ‘மூலம்’, புதியது ‘சிதைவு’ என்று எடுத்துக்கொள்வது மொழியியல் படித்தவர்கள் எளிதில் கண்டுகொள்ளக்கூடிய மயக்கம்.

பத்மினிக்கு இவ்வளவு அன்பு எங்கிருந்து வந்தது? எஞ்சினிலிருந்து அன்று. 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய கியர்க்கோல். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின்புறம் பட்டை ஸ்பிரிங். 1953-இல் இத்தாலியில் இதன் முன்னோடி அறிமுகமானபோது அது நல்ல கார்தான். அதே ஆண்டில் ‘1100 டி.வி.’ என்ற வேகமான வடிவமும் வந்தது. மில்லே மிலியா நெடுஞ்சாலைப் பந்தயத்தில் அந்த வகைக் கார்கள் பல ஓடின. ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்ற தகுதியை 1100-இன் மரபு அங்கே சம்பாதித்தது. இங்கே நம் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், ஃபியட்டுகளைத் திருத்திப் பந்தயம் ஓட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. சென்னை நண்பர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் என்னை மன்னிக்க மாட்டார்கள். எனினும் குர்லாவிலிருந்து வெளிவந்த சாதாரணப் பத்மினியில் அந்தப் பந்தய மரபின் சாயல் மிகக் குறைவே.

அன்பு வந்த வழி வேறு. அது இரண்டு திசைகளிலிருந்து வந்தது. இரண்டு மும்பைத் தமிழுலகங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலக வேலையில் இருந்த குடும்பங்களுக்கு ஃபியட் என்பது முன்பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பொருள். அது வீட்டுக்கு வந்த நாள் குடும்ப வரலாற்றில் ஒரு தேதி. தாராவியில் அதே கார் பெரும்பாலும் வாடகை வண்டி. மருத்துவமனைக்குப் போகும் இரவு, தாதர் நிலையத்திலிருந்து ஊர்மூட்டையோடு வரும் காலை. அப்போது மட்டும் ஏறிய கருப்பு மஞ்சள் வண்டி. ஒருவருக்கு அதன் முன்னிருக்கை நினைவு, மற்றவருக்குப் பின்னிருக்கை நினைவு. பத்மினியைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் முன்னிருக்கை நினைவே பெரும்பாலும் இடம்பெறுகிறது. ஆனால் அந்தக் காரைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் டாக்ஸி ஓட்டுநர்களும் அவர்களுடைய மிஸ்திரிகளும்தான்.

2003 அக்டோபர் 29 அன்று டார்டேவ் போக்குவரத்து அலுவலகத்தில் கடைசிப் பத்மினி டாக்ஸி பதிவு செய்யப்பட்டது. மும்பையில் டாக்ஸிகளுக்கு இருபதாண்டு வயது வரம்பு. எனவே 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் பத்மினி டாக்ஸி இல்லை. அந்த நாள்களில் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக விடைகொடுத்தன. நியாயம்தான். ஆனால் 118 என்.இ. எப்போது நம் சாலைகளிலிருந்து மறைந்தது என்று யாருக்காவது தேதி தெரியுமா? அதற்கு விடைகொடுத்து எழுதப்பட்ட ஒரு பத்தியைக்கூட நான் படித்ததில்லை. டாக்ஸியாகப் பெருமளவில் ஓடாததால் அது நகரத்தின் அடையாளம் ஆகவில்லை. திரைப்படங்கள் அதைத் தேடவில்லை. பெயர் நாவில் ஒட்டவில்லை. இலக்கிய வரலாற்றில் நாம் நன்கு அறிந்த நிகழ்வு இது. ஒரு நூல் பாடத்திட்டத்தில் இடம் பெற்றுவிட்டால் அதற்குப் பத்துப் பதிப்புகள் வரும். அதே ஆசிரியரின் அடுத்த நூல், ஒருவேளை அதைவிடத் தேர்ந்த நூல், நூலகத்தின் மேல்தட்டில் செல்லரிக்கும்.

இனி ஓட்டுவதைப் பற்றி. பேராசிரியர் காரை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதில்லை. மாட்டுங்காவிலிருந்து லோணாவலாவரை போய்வர ஆசைப்படுகிறார். ஃபியட் 124 தன் காலத்தில் மிகவும் மதிக்கப்பட்ட வடிவமைப்பு. 1967-ஆம் ஆண்டின் ஐரோப்பிய கார் என்ற விருதைப் பெற்றது. அதே வடிவமைப்பை வைத்துத்தான் சோவியத் ஒன்றியம் 1970-இல் தன் ஜிகுலியைச் செய்யத் தொடங்கியது. பெட்டி போன்ற எளிய வடிவம், நல்ல உள்ளிடம், பின்புறம் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங், தரையில் கியர்க்கோல். மலைப்பாதையின் வளைவில் பழைய ஃபியட் 1100 தயங்கும் இடத்தில் 124 வகைக் கார் அமைதியாகத் திரும்பும். இதை இரண்டையும் ஓட்டியவர்கள் எவரும் மறுக்க மாட்டார்கள்.

எஞ்சினோ இன்னும் சுவையானது. 1171 சிசி கொண்ட இந்த நிஸான் ஏ12, சுமார் 52 குதிரைத்திறன். எண்ணளவில் இது பெரிதில்லை. இன்றைய சிறிய கார்கள்கூட இதைவிட வலியவை. ஆனால் இதே எஞ்சின் குடும்பம்தான் 1970-இல் வந்த டாட்சன் சன்னி 1200-இல் இருந்தது. ஜப்பானின் சிறிய கார்ப் பந்தயங்களில் அந்தச் சன்னி ஆண்டுக்கணக்கில் ஆண்டது. வேகத்தைக் கூட்டக் கூட்டத் தாங்கும் எஞ்சின் என்று உலகெங்கும் உள்ள மெக்கானிக்குகள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஐரோப்பாவின் விருது பெற்ற உடலுக்குள் ஜப்பானின் பந்தயப் புகழ் பெற்ற எஞ்சின்! இப்படி ஒரு சேர்க்கை நம் குர்லாவில் நிகழ்ந்தது என்பதை வேறொரு நாட்டினர் கொண்டாடியிருப்பார்கள். நாமோ அதைச் சிறுபேரத்துக்கு இரும்புக்கடையில் போட்டோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. உதிரிபாகம். பத்மினிக்குக் குர்லா சிஎஸ்டி சாலையின் பழைய சாமான் கடைகளில் இன்னும் எதையாவது தோண்டி எடுக்கலாம். பல ஆண்டுகள் டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் அதைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் நகரமெங்கும் உள்ளன. 118 என்.இ.க்கு எஞ்சின் பாகம் கிடைத்துவிடும், வெளிநாட்டிலிருந்தாவது வரவழைக்கலாம். முன்கண்ணாடி, விளக்குக் கூடு, கதவு ரப்பர், பம்பர் முனை ஆகியவற்றுக்குத்தான் அலைய வேண்டும். தாராவியில் பணிமனை வைத்திருக்கும் மிஸ்திரி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். “தம்பி, ஃபியட்டுக்கு நூறு வண்டி செத்து ஒரு வண்டியை வாழவைக்கும். ஒன் எய்ட்டீனுக்கு அந்த நூறு எங்கே?” என்றார். “அப்போ அண்ணாச்சி, வாங்க வேண்டாங்கிறீங்களா?” என்றேன். “வாங்கு. ஆனா ஒண்ணு வாங்காதே, ரெண்டு வாங்கு. ஒண்ணு ஓட, ஒண்ணு உதிரிக்கு” என்றார். ஆராய்ச்சி உதவித்தொகையில் வாழ்பவரிடம் சொல்லத்தக்க அறிவுரை அன்று. ஆனால் ஓய்வு பெறும் பேராசிரியருக்கு அதை அப்படியே கடத்தியிருக்கிறேன்.

மிஸ்திரியின் கணக்கைத்தான் நான் மறுபுறமிருந்து படிக்கிறேன். நூறு வண்டி இல்லாத காரணத்தினாலேயே இருக்கும் ஒவ்வொரு 118 என்.இ.யும் கூடுதல் மதிப்புடையது. பத்மினி ஒன்று அழிந்தால் பத்மினி அழியாது. நிழற்படத்தில், திரைப்படத்தில், தனியார் சேகரிப்பில் அது காப்பாற்றப்பட்டுவிட்டது. 118 என்.இ. ஒன்று அழியும்போது அதன் கதவு எப்படி மூடும், அதன் இருக்கையிலிருந்து சாலை எப்படித் தெரியும் என்ற அறிவும் சேர்ந்து அழிகிறது. குறைந்த எண்ணிக்கையில் பேசுவோர் எஞ்சியுள்ள மொழிகளை ஆவணப்படுத்தச் செல்லும் நண்பர்கள் இந்த வாதத்தை எளிதில் உணர்வார்கள். எல்லோரும் பதிவு செய்துவிட்ட மொழிக்கு இன்னோர் அகராதி எழுதுவது குற்றமில்லை. ஆனால் நேரமும் பணமும் அளவோடுதான் இருக்கின்றன.

சட்டமும் இந்தச் சமனின்மையைக் கூட்டுகிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த, உடலிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ‘விண்டேஜ்’ பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். டிலைட்டுகள் எப்போதோ அந்த எல்லையைக் கடந்துவிட்டன. முதல் பத்மினிகளும் கடந்துவிட்டன. ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. முதல் 118 என்.இ.க்கு அந்தத் தகுதி வர 2035 ஆக வேண்டும். அதுவரை அது வெறும் பழைய கார். பதினைந்து ஆண்டு கடந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. மறுபுறம், காரை உடைக்கக் கொடுத்துச் சான்றிதழ் பெற்றால் புதிய தனியார் காருக்குச் சாலைவரியில் 25 விழுக்காடுவரை சலுகை தரலாம் என்கிறது விதி. விருப்பத்துக்குரிய காருக்கு இந்தத் தூண்டுதல் உறைக்காது. யாரும் பாராட்டாத காரின் உரிமையாளருக்கு அது போதுமானது. கொட்டகையில் நிற்கும் 118 என்.இ.யின் தலைவிதி ஒரு குடும்பத்தின் அடுத்த கார் வாங்கும் நாளில் முடிவாகிவிடுகிறது.

2035 வரை என்பதுதான் இதில் உண்மையான கெடு. இடையிலுள்ள ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் அந்தக் கார்களுக்குச் சட்டமே ஒரு மதிப்பைக் கொடுக்கும். தாண்ட வைப்பது அருங்காட்சியகங்களின் வேலை என்று காத்திருப்பதில் பொருளில்லை. இப்போது வாங்கக்கூடிய தனிமனிதர்களால்தான் அது நடக்கும். நம் பேராசிரியர் போன்றோரால்.

பத்மினியை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் எண்ணக்கூடும். பத்மினிதான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அண்மைக் காலத்தில் பத்மினிகளை இளநீலமும் பாலாடை வெள்ளையும் பூசி, வெண்பட்டை டயர் மாட்டி, இத்தாலியக் கடற்கரையிலிருந்து இறங்கி வந்ததுபோல் அலங்கரிக்கும் பழக்கம் பெருகியுள்ளது. உள்ளே வேறு கம்பெனி எஞ்சின், ஏசி, தொடுதிரை. பார்க்க அழகுதான். எஞ்சினை மாற்றிய வண்டி விண்டேஜ் தகுதிக்கு வெளியே போய்விடும் என்பது ஒருபுறமிருக்க, அது யாருடைய நினைவு என்ற கேள்வியும் எழுகிறது. வாங்குவதானால் அது வாழ்ந்த வாழ்க்கையின் தழும்புகளோடு வாங்குங்கள். மேற்கூரையில் சாமான் தாங்கி இருந்த துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன், ஏனெனில் பேராசிரியர் உண்மையிலேயே கேட்டிருக்கிறார். இரண்டு கார்களுக்கும் பொதுவான எதிரி துரு. கடற்காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்து தரைத்தகட்டையும் கதவின் அடிப்பகுதியையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் தின்றிருக்கும். மேற்பூச்சு எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு ஐயத்தோடு கீழே படுத்துப் பாருங்கள், சார். அல்லது படுக்கக்கூடிய மாணவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டே வாழ்நாள் கழித்த உங்களுக்கு இது கைவந்த கலை. பதிவு காலாவதியாகிவிட்ட வண்டி என்றால் விலை குறைவு என்று மகிழ வேண்டாம். புதுப்பிக்கும் செலவையும் அலைச்சலையும் விற்பவர் உங்கள் தலையில் வைக்கிறார்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பம்புகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20. எத்தனால் கலவாத எரிபொருளுக்கென வடிவமைத்து, பத்து விழுக்காட்டுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட கார்களில் இ20-ஆல் மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. நம் கார்கள் இரண்டும் அதற்கும் முந்தியவை, கார்புரேட்டர் காலத்தவை. எரிபொருளின் தன்மையை அறிந்து தானே அளவை மாற்றிக்கொள்ளும் கணினி அவற்றில் இல்லை. எனவே ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கிச் சீரமைக்க வேண்டும். எரிபொருள் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் திரையையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. வண்டியை மாதக்கணக்கில் டேங்க் பாதியாக நிறுத்தி வைக்கக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மும்பையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

தேடத் தொடங்குவதற்கு உரிய காலம் மழை முடிந்தபின். அக்டோபர் கடைசி வாரம். நான்கு மாதம் நனைந்த வண்டி தன் ஓட்டைகளை அப்போது மறைக்க முடியாது. செம்பூரின் பழைய வீட்டுவசதிச் சங்கங்களின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தி, நான்கு டயரும் காற்றிழந்து நிற்கும் சதுரமான உருவம் ஏதேனும் உங்கள் கண்ணில் பட்டிருந்தால், உரிமையாளரிடம் பேசிவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பேராசிரியரிடம் சேர்ப்பிக்கிறேன்.